ஒரு சாண் தளர்வு

என் திராட்சைத் தோட்டத்து ஷெட்டில், பெட்டிகள் அடுக்குகிற இடத்தில், ஒரு கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பந்தயக் கார். தலைக்கு மேல் தகரம் கிடையாது. மழை வந்தால் இழுத்துவிட ஒரு கித்தான் துணி உண்டு, அதுவும் பாதி கிழிந்தது. இருக்கை என் முழங்காலுக்கும் கீழே இருக்கும். அந்தக் காரில் ஏறுவது என்று சொல்வது பொருந்தாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் அக்கா பிறந்த காலத்தில் ஏதோ ஒரு குளிர்நாட்டில் செய்து கப்பலில் வந்த வண்டி. கார் அக்காவுடையது.

அக்கா மேகமலையில் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வெகுகாலம் டீச்சராக இருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பங்களா. பங்களாவின் பின்புறக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் இந்தக் கார் கிடந்தது. அது ஓடி அவள் பார்த்ததே இல்லை. மூக்குப் பகுதி மட்டும் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாம். எஸ்டேட் கைமாறிக் கொட்டகையைக் காலி செய்தபோது, அக்கா நேரே போய்க் கேட்டுவிட்டாள். லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். பழனிசெட்டிபட்டியில் அவள் வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையவில்லை. அதனால் சின்னமனூருக்குக் கிழக்கே இருக்கும் என் ஷெட்டுக்கு வந்தது. அவளுக்கு ஓட்டத் தெரியும். எங்கள் அப்பாவின் ஜீப்பைத் தோட்டத்துக்கும் சந்தைக்கும் அவள்தான் ஓட்டுவாள். எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். இன்றுவரை என் கிளட்ச் அவளுக்குப் பிடிக்காது.

போன ஐப்பசியில் அவளுடைய இடுப்பை எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, தை பிறந்ததும் புது மூட்டு வைத்துவிடலாம் என்று தேனி டாக்டர் சொன்னார். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தரையில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, குட்டையான நாற்காலி கூடாது.

"காரு?" என்றாள் அக்கா.

"கார்ல தாராளமா போகலாம்மா. கொஞ்சம் உயரமான சீட்டா இருக்கணும்."

"தாழ்வான சீட்டுன்னா?"

"எவ்வளவு தாழ்வு?"

அக்கா உட்கார்ந்தபடியே கையை முழங்காலுக்குக் கீழே இறக்கிக் காட்டினாள். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு, "அது கூடவே கூடாது, மூட்டு நழுவிரும்" என்றார்.

வெளியே வந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, அதுக்கு முன்னாடி ஒருக்கா மேகமலைக்கு ஓட்டிட்டுப் போயிட்டு வந்துறணும். நான் ஓட்டணும், நீ இல்ல."

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூட்டு வைத்த பிறகு அவளால் அந்தக் காரில் உட்காரவே முடியாது. தை பிறப்பதற்குள் கார் ஓடியாக வேண்டும். கார் ஓடுவதற்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது.

பழனிசெட்டிபட்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்காரர் என்ஜினைப் பிரித்துத் தேய்மானம் பார்த்து, புதுசு போலக் கட்டிக் கொடுத்திருந்தார். ஆயில் குழாய்கள் மட்டும் மிச்சம். இந்தக் காரில் என்ஜினுக்குள் ஓடிச் சூடான ஆயில், ஒரு தடித்த ரப்பர் குழாய் வழியாக வண்டியின் மூக்குக்கு வரும். அங்கே சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒரு கூலர். அதற்குள் நுழைந்து காற்றில் ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். இவை போக, டாஷ்போர்டில் இருக்கும் பிரஷர் முள்ளுக்கு நூல்கண்டு நூல் போல மெல்லிய செம்புக் குழாய் ஒன்று. பழைய ரப்பர் குழாய்கள் வளைத்தால் வாய் பிளந்தன. மாற்றியாக வேண்டும்.

ஆனால் கார்த்திகை பிறந்ததும் ஒர்க்‌ஷாப்காரர் மாலை போட்டுவிட்டார். அவர் போடாவிட்டாலும் அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து மெக்கானிக் யாரையும் பிடிக்க முடியாது. சபரிமலைக்குப் போகிற வேன்களெல்லாம் கம்பம் ரோட்டில்தான் போகும். பாதி வேன்கள் தேனியைத் தாண்டுவதற்குள் ஏதாவதொன்றைக் கழற்றிப் போட்டுவிடும். நான் போனபோது அவர் கறுப்பு வேட்டியோடு ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது.

"சாமி, நான் மலைக்குப் போயிட்டு வந்து பார்க்குறேன் சாமி."

"எப்ப சாமி வருவீக?"

"பொங்கல் கழிச்சு சாமி."

எத்தனை தடவை சாமி போட்டாலும் பதில் மாறவில்லை. நானே மாட்டுவது என்று முடிவு செய்தேன். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் சொட்டுநீர்க் குழாயிலிருந்து மருந்தடிக்கும் பம்பு வரை தோட்டத்தில் எல்லா இணைப்பும் என் கையால் போட்டவை. ஒரு இடத்திலும் ஒழுகாது. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஸ்பானர்களைச் சாக்கின் மேல் அளவு வாரியாக அடுக்கினேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அக்கா வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் மொபெட்டில் வந்து, திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் வேலை செய்வதைப் பார்ப்பார்.

"மாப்ள, போல்ட்டுக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சு குடுத்துட்டியா?"

"ஆச்சு மச்சான்."

"அந்தா ஒருத்தன் வித்தவுட்ல கெடக்கான் பாரு."

உண்மையாகவே ஒரு நட்டு சீட்டில்லாமல் என் முட்டிக்கு அருகில் கிடந்தது. அப்புறம் எழுதி வைத்தேன்.

புதுக் குழாய்களுக்கு அளவு எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய குழாய்களைக் கழற்றித் தரையில் போட்டிருந்தேன். அவற்றை மாதிரியாகக் கொடுத்தாலே போதும். ஆனால் அவை மாட்டியிருந்தபோது வயிறு தொங்கியதைப் பார்த்திருந்தேன். என்ஜினுக்கும் கூலருக்கும் நடுவே, வேலிக்கம்பியில் காய்ந்த துணி போல ஒரு தொங்கல். திராட்சைப் பந்தல் போடுகிறவன் கண்ணுக்கு அது ஆகாது. எங்களுக்குக் கம்பி என்றால் நேராக நிற்க வேண்டும். கல்தூணுக்குக் கல்தூண் முறுக்கி இழுத்து, விரலால் சுண்டினால் ரீங்காரம் வர வேண்டும். கம்பி தொய்ந்தால் கொடி தொய்யும், கொடி தொய்ந்தால் குலை மண்ணைத் தொடும். என் பந்தலைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து கம்பியைத்தான் பார்ப்பார்கள். தொங்குகிற எதையும் சரிசெய்யாமல் என்னால் கடந்துபோக முடியாது. வீட்டில் கொடிக்கயிற்றைக்கூட மாதம் ஒருமுறை இழுத்துக் கட்டுவேன்.

ஆகவே சணல் கயிற்றை எடுத்து, என்ஜின் வாயிலிருந்து கூலர் கழுத்து வரை நேராகப் பிடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டேன். சின்னமனூரில் டிராக்டருக்கும் மண்ணள்ளும் இயந்திரத்துக்கும் ஹோஸ் அழுத்திக் கொடுக்கிற கடையில் அந்தக் கயிற்றைக் கொடுத்தேன். முடிச்சிலிருந்து முடிச்சு வரை, அதே நீளம். அழுத்திக் கொடுத்தார்கள்.

இணைப்புகளுக்கு இடையில் செம்பு வாஷர்கள் உண்டு. பழைய வாஷரை மறுபடி போட வேண்டுமானால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். அப்போது செம்பு இளகி, முறுக்கும்போது பள்ளம் மேடு பார்த்துப் படியும். வீட்டு கேஸ் அடுப்பில், இடுக்கியால் பிடித்து ஒவ்வொன்றாகக் காய்ச்சினேன். என் மனைவி தோசை மாவோடு காத்து நின்றாள்.

"எத்தன வறுத்துருக்கீக? கொஞ்சம் கடுகு தாளிச்சுப் போடவா?"

"இன்னும் ரெண்டுதான்."

"மதினி வந்தாகன்னா அவுகளுக்கும் ரெண்டு வச்சுருங்க."

குழாயைக் கூலர் கழுத்தில் மாட்டும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொள்ள, ஒன்று நட்டைத் திருக. ஒரே ஸ்பானரால் திருகினால் பித்தளைக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். குழாயும் உள்ளுக்குள் பிழியப்படும். அது தெரிவதற்காகக் குழாயின் முதுகில் நெடுக ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தேன். முறுக்கி முடித்த பிறகும் கோடு கோடாகவே இருந்தது. இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று இணையாக, பந்தல் கம்பி போல நின்றன. செம்புக் குழாய் மட்டும் உறுத்தியது. என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவில் காரணமே இல்லாமல் வளையல் போல இரண்டு சுற்று சுற்றியிருந்தது. நீட்டி நேராக்கப் பார்த்தேன். உடைந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

பிளக்குகளைக் கழற்றி, ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றவிட்டேன். என்ஜின் எரியாமல் சும்மா சுழன்றது. முதலில் முள் அசையவில்லை. அப்புறம் ஒரு துடிப்புத் துடித்து எழுந்தது. ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மச்சான் மடியிலிருந்து விசிலை எடுத்து இரண்டு ஊது ஊதினார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விசிலை அவர் விடவில்லை.

மறுநாள் காலையில் அக்காவை வரச் சொன்னோம். அவள் காரில் உட்காருவதே ஒரு வேலை. கதவோரத்தில் பக்கவாட்டில் அமர்ந்து, கைகளை ஊன்றி மெதுவாக உள்ளே சரிய, மச்சான் இடது காலைத் தூக்கிப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும்.

"மெதுவாடி, தூக்குற எனக்கு மூச்சு வாங்குது."

"நீங்க பேசாம தூக்குங்க."

உட்கார்ந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கிளட்சை மிதித்துப் பார்த்தாள். முகத்தில் வலி ஓடியது. அதைப் பார்த்துவிட்டேன் என்பது தெரிந்து என்னை முறைத்தாள்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஷெட் தகரம் அதிர்ந்தது, பெட்டிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. நான் வண்டி மூக்கின் முன்னால் மண்டியிட்டு, டார்ச்சோடு குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. அக்கா ஆக்ஸிலேட்டரை மிதித்தாள், விட்டாள். மறுபடி இன்னும் ஆழமாக மிதித்தாள். என் மூக்குக்கண்ணாடி திடீரென்று பழுப்பாகிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றுவதற்குள் என்ஜின் நின்றுவிட்டது.

"முள்ளு விழுந்துருச்சுலே!" அக்காதான் கத்தினாள். "சடார்னு கீழ வந்துருச்சு. அணைச்சுட்டேன்."

என் முகம், சட்டை, தரை எல்லாம் ஆயில். கூலரின் பித்தளைக் கழுத்து, ஈயப் பற்று வைத்த இடத்தில் விரிசல் விட்டு, அதன் வழியாகப் பீய்ச்சியடித்திருந்தது. ஆயில் இல்லாமல் என்ஜின் எவ்வளவு ஓடியது? உள்ளே பேரிங்குகள் உரசியிருந்தால் எல்லாம் போச்சு. இந்த என்ஜினுக்கு இன்னொன்று கிடையாது, கிடைத்தாலும் தைக்குள் வராது. ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் போட்டேன்.

"முள்ளு விழுந்ததும் அணைச்சுட்டாகளா சாமி?"

"உடனே அணைச்சுட்டாக."

"பிளக்கக் கழட்டிட்டு ஃபேனக் கையால சுத்திப் பாருங்க சாமி. லேசாச் சுத்துனா தப்பிச்சுச்சு."

சுற்றினேன். லேசாகத்தான் சுற்றியது. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் சுற்றினேன், அதற்கு மறுநாளும். தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்த பெண்கள் ஒரு வரிசையை வெட்டிவிட்டு அடுத்தது எது என்று கேட்க வந்தால், நான் காருக்குள் தலையை விட்டு ஃபேனைச் சுற்றிக்கொண்டிருப்பேன். "அய்யாவுக்கு வேர்க்குதா?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள். மார்கழிப் பனி அப்போதுதான் இறங்க ஆரம்பித்திருந்தது.

கூலர் பழசு, பற்று இற்றுவிட்டது, அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். தேனியில் ரேடியேட்டர் பற்று வைக்கிற கடையில் கொடுத்துச் சரிசெய்து வந்தேன். அதே குழாய்களை மறுபடி மாட்டக் கையில் எடுத்தேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் மிதிச்சப்ப என்ஜின் குதிச்சுச்சு, பார்த்தியா?"

"எல்லா என்ஜினும் ஆடும்க்கா."

"ஆடும்ல? இடது பக்கமா ஒரு சரிவு சரிஞ்சுச்சு. ஸ்டீயரிங்ல எனக்குத் தெரிஞ்சுச்சு. நீ பைப்பையே பார்த்துக்கிட்டு இருந்த. என்ஜின பார்க்கல."

"அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? மூக்குல இருக்குற கூலர் ஆடாது. அது சட்டத்துல திருகி இருக்கு. என்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்துருக்கு. ஒண்ணு ஆடுது, ஒண்ணு ஆடல. நடுவுல நீ இழுத்துக் கட்டி வச்சுருக்க."

குழாயை மாட்டி, லேசாகத் திருகி, மச்சானைக் கூப்பிட்டு என்ஜினை இரண்டு கையாலும் தள்ளச் சொன்னேன். அவர் பஸ்ஸைத் தள்ளுகிற தோரணையில் காலை ஊன்றித் தள்ளினார். என்ஜின் சாய்ந்தது. குழாய் விறைத்தது. விரலால் சுண்டினேன். ரீங்காரம் வந்தது.

என் பந்தலில் கேட்டு நான் மகிழ்கிற அதே சத்தம்.

சாக்குக்கு அடியில் பழைய குழாய்களைத் தேடி எடுத்தேன். புதுசோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் கூடுதல். "இது வயசாகித் தொய்ஞ்சு போச்சுன்னு நெனச்சேன்" என்றேன்.

"ரப்பரு வயசாகி நீளுமா மாப்ள? எனக்கு வயிறுதான் நீண்டுச்சு."

அப்போதுதான் அந்தச் செம்புக் குழாயின் இரண்டு சுற்று என் கண்ணில் பட்டது. காரணமே இல்லை என்று நான் நேராக்கப் பார்த்த சுற்று. என்ஜின் ஆடும்போது அந்த வளையல் விரிந்து சுருங்கும், குழாய் முறியாது. வண்டியைச் செய்தவர்கள் எல்லா இடத்திலும் ஆட்டத்துக்கு இடம் வைத்திருந்தார்கள். நான்தான் ஒவ்வொன்றாகத் தேடி இழுத்துக் கட்டியிருந்தேன்.

"வெரசா மாத்து, தை வந்துரும்" என்றாள் அக்கா.

சின்னமனூர்க் கடைக்கு இந்த முறை பழைய குழாய்களையே மாதிரியாகக் கொண்டுபோனேன். புதுசு வந்தது. மாட்டியதும் வயிறு தொங்கியது. பிரச்சினை அதோடு முடியவில்லை. தொங்கல் எங்கே தொங்குகிறது என்பது முக்கியம். ஒரு பக்கம் விழுந்தால் ஃபேன் பெல்ட் அறுக்கும், இன்னொரு பக்கம் விழுந்தால் ஸ்டீயரிங் தண்டில் உரசும். குழாயின் முனையில் இருக்கும் முழங்கை போல மடங்கிய இரும்பு இணைப்பை எந்தக் கோணத்தில் வைத்து முறுக்குகிறோமோ, அந்தப் பக்கம்தான் வளைவு விழும். சரியாக வைத்து, நட்டை இறுக்கினால், இறுக்குகிற வேகத்தில் முழங்கையும் கொஞ்சம் கூடவே வரும். வளைவு ஃபேன் பக்கம் சாய்ந்துவிடும். தளர்த்தி, கொஞ்சம் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் திருப்பி வைத்து, மறுபடி இறுக்க வேண்டும். மறுபடி சாய்ந்தது. மறுபடி தளர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் மச்சான் என்ஜினைத் தள்ள வேண்டும், நான் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்க்க வேண்டும்.

"மாப்ள, இதுக்கு நான் சர்வீஸ்லயே இருந்துருப்பேன்."

கடைசியில் வளைவு வெளிப்பக்கமாக, சட்டத்துக்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தில் விழுந்தது. எதன்மேலும் படவில்லை. நடுவில் ரப்பர் வைத்த ஒரு கிளிப்பால் மட்டும், இறுக்காமல், தாங்கிவிட்டேன்.

எல்லாம் சரி. ஆனால் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் கை தானாக அந்தத் தொங்கலுக்குப் போகும். ஒரு வாழை நார் எடுத்து மேலே தூக்கிக் கட்டிவிட்டால் எவ்வளவு லட்சணமாக இருக்கும் என்று தோன்றும். ஒருநாள் உண்மையாகவே நாரைக் கையில் எடுத்துவிட்டேன். அன்று தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மதினிக்குப் போனப் போடவா?"

நாரைக் கீழே போட்டேன்.

இரண்டாவது தடவை அக்கா மிதித்தபோது, நான் என்ஜினைப் பார்த்தேன். இடது பக்கம் சரிந்து எழுந்தது. குழாயின் வயிறு அதோடு சேர்ந்து குலுங்கியது, அவ்வளவுதான். கூலர் கழுத்து உலர்ந்திருந்தது. முள் நின்ற இடத்தில் நின்றது. அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் விரித்தபடியே இருந்தது.

போகி நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் கிளம்பினோம். அக்கா ஓட்டினாள், நான் பக்கத்தில். பின்னால் என் பிக்கப்பில் மச்சான். ரோட்டில் ஆயில் சொட்டினால் ஒரு விசில் அடித்து நிறுத்துவது அவர் வேலை. ஒரு விசில் நில், இரண்டு விசில் போ.

சின்னமனூர்க் கடைவீதியில் வண்டிகள் எல்லாம் எங்களைவிட உயரமாக இருந்தன. ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் குனிந்து, "எக்கா, பம்பர்ல உட்கார்ந்தா போறீக?" என்றார். "ஆமாப்பா, நீயும் வாரியா?" என்றாள் அக்கா. மலையடிவாரச் சோதனைச் சாவடியில் கதவைத் திறந்து விட்டவர், வண்டியைச் சுற்றி ஒரு வலம் வந்த பிறகுதான் அனுப்பினார்.

ஏற்றம் தொடங்கியது. மேகமலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பூவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொன்றையும் வகுப்பறையில் வாசிப்பது போல உரக்க வாசித்தாள். நான் ஒரு பலகையையும் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடேறச் சூடேற ஆயில் இளகும், முள் கொஞ்சம் இறங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு வளைவிலும் அது இறங்கும்போது என் பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தது.

"ரோட்டப் பாருலே."

"பார்க்குறேன்."

"எங்க பார்க்குற? இந்நேரம் கீழ கம்பம் ரோடு வரைக்கும் தெரிஞ்சுருக்கும். பார்த்தியா?"

பாதி வழியில் ஒரு விசில் கேட்டது.

அக்கா ஓரம் கட்டினாள். கதவைத் திறந்து விழாத குறையாக வெளியே வந்து, ரோட்டில் படுத்து அடியில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பானெட்டைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. மச்சான் பிக்கப்பிலிருந்து இறங்கி ஓரத்துப் புதரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"எங்க மச்சான் ஒழுகுது?"

"வண்டில இல்ல மாப்ள. எனக்குத்தான். காலைல ரெண்டு டீ குடிச்சுட்டேன்."

அக்கா ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஆத்திரம் அடங்கச் சற்று நேரமாயிற்று. அப்புறம்தான், கிளட்ச் மிதிக்கிற காலை அவள் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். வளைவுக்கு வளைவு கியர் மாற்றியதில் அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நான் ஓட்டவாக்கா?"

"நீயா? உன் கிளட்சுல இந்த ஏத்தம் ஏறுனா என்ஜின் அழும். உட்காரு."

மேலே போய்ச் சேர்ந்தோம். தேயிலைச் சரிவுகளுக்கு மேல் பனி நின்றது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி, பங்களா வாசலுக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில் நிறுத்தினாள். வண்டி கிடந்த கொட்டகை அங்கிருந்தே தெரிந்தது. இப்போது அதில் யாரோ விறகு அடுக்கியிருந்தார்கள். டீக்கடைக்காரர் ஓடிவந்தார்.

"டீச்சரா? இது அந்தத் தார்ப்பாய் காருல்ல? எறங்குங்க டீச்சர், அங்கன வெயில்ல உட்காரலாம்."

"எறங்குனா மறுபடி ஏற முடியாது. இங்கன கொண்டாந்துருங்க."

காருக்குள்ளேயே டீ வந்தது. அக்கா இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்தபடி குடித்தாள். நான் பானெட்டைத் திறந்து குழாய்களைத் தொட்டுப் பார்த்தேன். போகிற குழாய் கை வைக்க முடியாத சூடு. திரும்புகிற குழாய் சூடு குறைந்திருந்தது. கூலர் வேலை செய்கிறது. "ஆறித்தான் போகுதுக்கா" என்றேன்.

"நல்லது. நீயும் ஆறு, டீயக் குடி."

எவ்வளவு நேரம் அங்கே இருந்தோம் என்று நான் பார்க்கவில்லை. இறங்கும்போதும் அவளே ஓட்டினாள். ஷெட்டில் வண்டியை நிறுத்தியதும், நானும் மச்சானும் சேர்ந்துதான் அவளைத் தூக்கி எடுத்தோம். நின்றபின், அந்த இருக்கையை ஒருமுறை குனிந்து பார்த்தாள். சாவியை என் சட்டைப்பையில் போட்டாள்.

பொங்கலுக்குப் பிறகு மூட்டு வைத்தார்கள். நன்றாக இருக்கிறாள். உயரமான நாற்காலி, உயரமான கட்டில். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து, தெருவில் போகிற வண்டிகளின் கிளட்சைக் குறை சொல்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஷெட்டுக்குப் போய் அந்தத் தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிடுகிறேன். ஓடாமல் நின்றால் ஆயில் வடிந்து உள்ளே வறண்டுவிடும். கிளப்பியதும் அவளுக்குப் போன் போட்டு, போனை என்ஜின் பக்கமாக நீட்ட வேண்டும். அது அவள் கட்டளை.

"முள்ளு எங்கன நிக்குது?" என்பாள்.

சொல்வேன்.

"மிதி. இன்னும் நல்லா மிதி. பயப்படாத. என்ஜின் ஆடுதா?"

"ஆடுதுக்கா."

"பைப்பு?"

நான் எட்டிப் பார்ப்பேன். அந்தத் தொங்கல் இன்னும் என் கண்ணை உறுத்துகிறது.

"அதுவும் ஆடுது."

"ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.